டிவைஸ் ட்ரீயில் யுஎஸ்பி ஹப்: பெயர் எது, எண் எது?

கேள்வி

வணக்கம். நாங்களே வடிவமைத்த ஒரு சிறு கணினிக்கு லினக்ஸ் டிவைஸ் ட்ரீ (பலகையில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) எழுதுகிறேன். பலகையிலேயே ரியல்டெக் ஆர்டிஎஸ்5411 ஹப் (ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சிப்) பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன் 4-வது போர்ட்டில் லேன்7800 ஈதர்நெட் சிப், மற்ற மூன்றும் வெளியே வரும் சாக்கெட்டுகள். ஹப்புக்கு மின்சாரம் தரும் 3.3 வோல்ட் ரெகுலேட்டரை இப்போதைக்கு எப்போதும் ஆனில் இருக்கும்படி எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்தால் ஹப் கண்ணிலேயே படுவதில்லை.

கோப்பில் ஹப்பை விவரிக்கும் பகுதிக்கு, அதாவது நோடுக்கு, என்ன பெயர் வைப்பது? சிலர் சிப் பெயரையே வைக்கிறார்கள், சிலர் வெறும் ஹப் என்கிறார்கள். அப்புறம், சிஸ்எஃப்எஸ்-ல் (லினக்ஸ் தான் கண்ட சாதனங்களைக் காட்டும் /sys அடைவு) இந்த ஒரே சிப் 1-1, 2-1 என்று இரண்டாகத் தெரிகிறது. இரண்டுமே அந்தந்த பஸ்ஸின் 1-வது போர்ட்தான். ஆனால் மற்றவர்கள் கோப்பில் இரண்டாவதை "ஹப்@2" என்று எழுதுகிறார்கள். அந்த 2 எங்கிருந்து வருகிறது?

பதில் 1

ஹப் என்றே வையுங்கள். சிப் பெயரை லேபிளில் (கோப்பின் மற்ற இடங்களிலிருந்து நோடைக் குறிப்பிடும் பெயர்) வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் வசதிக்கு.

பதில் 2

மேலே சொன்னது சரி. டிவைஸ் ட்ரீ திருத்தங்களை நான் தொடர்ந்து படித்துப் பார்ப்பவன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நோடின் பெயர் அது என்ன வகைப் பொருள் என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்தச் சிப் என்பதை நோடுக்குள் உள்ள கம்பாட்டிபிள் வரி சொல்லும், அதை வைத்துத்தான் டிரைவர் பொருந்தும். @ குறிக்குப் பின்னால் வருவது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பது. நோடுக்குள் எழுதும் ரெக் மதிப்பும் அதே எண்தான். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் டிவைஸ் எண்ணை அங்கே போடவே கூடாது, கழற்றி மாட்டினால் அது மாறிவிடும். பலகையில் பற்றவைத்த சிப்பின் போர்ட் மாறாது.

கம்பாட்டிபிள் என்பது யுஎஸ்பி என்ற சொல்லோடு தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் சேர்ந்தது. எழுதும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும், முன்னால் வரும் பூஜ்யங்கள் போக வேண்டும். உங்கள் ஹப்பின் யுஎஸ்பி 2 பகுதி 0பிடிஏ:5411, எனவே "யுஎஸ்பிபிடிஏ,5411". யுஎஸ்பி 3 பகுதி 0பிடிஏ:0411, அது "யுஎஸ்பிபிடிஏ,411" ஆகும். "0411" என்று எழுதினால் டிரைவர் பொருந்தாது.

இப்போது அந்த 2. எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலர் (யுஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் வன்பொருள்) தன் போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எண்ணுகிறது. லினக்ஸ் கெர்னல்தான் அதை யுஎஸ்பி 2-க்கு ஒரு பஸ், யுஎஸ்பி 3-க்கு ஒரு பஸ் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 1-இலிருந்து தொடங்குகிறது. டிவைஸ் ட்ரீயில் எழுதுவது கன்ட்ரோலரின் எண். ஒரு யுஎஸ்பி 2 போர்ட், ஒரு யுஎஸ்பி 3 போர்ட் உள்ள கன்ட்ரோலரில் பெரும்பாலும் முதலாவது 1, அடுத்தது 2. எல்லாக் கன்ட்ரோலரிலும் இந்த வரிசைதான் என்று நம்பி எழுதாதீர்கள், சிப்பின் கையேட்டைப் பாருங்கள். எழுதி முடித்ததும் சிஸ்எஃப்எஸ்-ல் 2-1 அடைவுக்குள் ஓஎஃப்_நோடு இணைப்பு (சாதனம் எந்த நோடோடு சேர்ந்தது என்று காட்டுவது) வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் எண் சரி.

ரெகுலேட்டர் விஷயம் இதைவிட முக்கியம். மின்சாரம் இல்லாத ஹப்பைக் கெர்னல் எப்படிக் கண்டுபிடிக்கும்? இதற்காகத்தான் 2022-இல் லினக்ஸ் 6.0-இல் ஆன்போர்டு ஹப் டிரைவர் வந்தது. 6.10-இல் ஹப் அல்லாத சாதனங்களுக்கும் விரிந்து, ஆன்போர்டு யுஎஸ்பி டெவ் என்று பெயர் மாறியது. அந்த டிரைவர் நோடைப் பார்த்து முதலில் மின்சாரத்தைக் கொடுக்கும், அப்புறம்தான் ஹப் பஸ்ஸில் தெரியும். இரண்டு ஹப் நோடிலும் ரெகுலேட்டரைக் காட்டும் விடிடி-சப்ளை வரியை எழுதுங்கள், பியர்-ஹப் வரியால் ஒன்றை மற்றொன்றுக்குக் காட்டுங்கள். இரண்டும் ஒரே சிப் என்று டிரைவருக்குத் தெரிவது அதனால்தான். கெர்னல் கட்டமைப்பில் அந்த டிரைவரை இயக்கிவிட்டு, எப்போதும் ஆன் என்ற வரியை நீக்கிவிடலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஓஎஃப்_நோடு இரண்டிலும் வந்துவிட்டது, ரெகுலேட்டர் வரியும் போய்விட்டது. ஈதர்நெட் சிப்புக்கும் நோடு வேண்டுமா? ஈப்ராம் (முகவரியைச் சேமித்து வைக்கும் சிறு நினைவகச் சிப்) வைக்காத வடிவமைப்பு, ஒவ்வொரு பூட்டிலும் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அந்தச் சிப்பின் அடையாள எண்) மாறுகிறது.

பதில் 3

உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அது யுஎஸ்பி 3 சிப் என்பதால் "ஹப்@2"-க்குள் "ஈதர்நெட்@4" என்று எழுதுங்கள். கம்பாட்டிபிள் "யுஎஸ்பி424,7800". ஹப்புக்குக் கீழே எண் குழப்பமில்லை, அதன் சொந்தப் போர்ட் எண்தான். ஹப் நோடில் அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 (உள்ளே வரும் நோடின் ரெக் ஒரே எண் என்று சொல்லும் வரிகள்) சேர்க்க மறக்காதீர்கள். பிறகு ஈதர்நெட்0 என்ற ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) இந்த நோடைக் காட்டட்டும். கெர்னலைத் தொடங்கிவைக்கும் யு-பூட் நிரல் தன்னிடம் உள்ள முகவரியை லோக்கல்-மேக்-அட்ரஸ் ஆக நிரப்பிவிடும், டிரைவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

வெளியே வரும் மூன்று சாக்கெட்டுகளில் மாட்டப்போகும் எதற்கும் நோடு எழுத வேண்டாம். அவற்றை யுஎஸ்பியே கண்டுபிடித்துக்கொள்ளும்.