பழைய ஃபோர் வீல் கேம்பர், லிட்டருக்கு 8 தாண்டல. ஃப்ரீ வீல் ஹப் போடலாமா?

காப்பித்தோட்டம்
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சின்னதா தோட்டம் இருக்கு. வண்டி பொலிரோ கேம்பர் ஃபோர் வீல், டிஐ இன்ஜின், 2523 சிசி, பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, செகண்ட்ஸ்ல வாங்கினது. வாரம் ரெண்டு நடை சேலம் போகும், லீ பஜார்ல மிளகு இறக்கிட்டு வரும்போது உரமோ தவுடோ ஏத்திட்டு வருவோம். முன்ன 10 கிட்ட குடுத்துட்டு இருந்துச்சு, இப்ப என்ன பண்ணாலும் 8 தான். மெக்கானிக் முன் சக்கரத்துக்கு ஃப்ரீ வீல் ஹப் (டூ வீல்ல ஓடும்போது சக்கரத்த முன் ஆக்சில்ல இருந்து பிரிச்சு விடற பூட்டு) மாட்டினா ரெண்டு கிலோமீட்டர் ஏறும்ங்கறார், பதினஞ்சாயிரம் ஆகுமாம். போடலாமா வேண்டாமா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஓமலூர் ஜீப்
கண்ண மூடிட்டு போடுங்கண்ணா. ஹப் இல்லைன்னா லீவர டூ வீல்ல வெச்சிருந்தாலும் முன் ஆக்சில், கிரவுன், முன் ஷாஃப்ட் எல்லாம் சக்கரத்தோட சேர்ந்து சும்மா சுத்திக்கிட்டே ஆயில கலக்கிட்டு இருக்கும், அந்த இழுவை பூரா டீசல்லதான் போகுது. என் ஜீப்புல போட்டேன், ஸ்டீயரிங்கே லேசாயிடுச்சு. இன்னொன்னு, இறங்கும்போது நியூட்ரல்ல விடுங்க. 20 கொண்டை ஊசியும் டீசலே குடிக்காம அடிவாரம் வந்து சேரும், நான் பத்து வருஷமா அப்படித்தான் வரேன்.

பம்ப்ரூம்
பத்து வருஷமா நல்லபடியா வந்து சேர்ந்ததுக்கு ஷேர்வராயன் கோயில்ல ஒரு தேங்கா ஒடைங்க தம்பி.

நான் டீசல் பம்ப் வேலை பாக்கறவன், 22 வருஷமா இதே பொழப்பு. கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல கால எடுத்துட்டா, ஆர்பிஎம் ஐடிலுக்கு மேல இருக்கிற வரைக்கும் பம்ப்புல இருக்கிற கவர்னர் டீசல சுத்தமா நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜின சுத்துது. நியூட்ரல்ல போட்டீங்கன்னா இன்ஜின் அணையாம இருக்க ஐடிலுக்கு டீசல் போயிட்டே இருக்கும். எது மிச்சம்னு நீங்களே சொல்லுங்க. இதுல சில பேர் இன்ஜினயே ஆஃப் பண்ணிட்டு இறங்குவாங்க. பிரேக்குக்கு உதவற வேக்கம் போச்சுன்னா ரெண்டு மிதிக்கு மேல பிரேக் கட்டையாயிடும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது, அதுல கொண்டை ஊசி வேற.

ஓமலூர் ஜீப்
தியரி நல்லாத்தான் இருக்கு. ஆனா கியர்ல வந்தா வண்டி பிடிச்சு பிடிச்சு வருது, சமமான இடத்துல மறுபடி மிதிக்கணும்ல, அந்த டீசல் யார் கணக்கு? நியூட்ரல்ல விட்டா அதே வேகத்துல பாதி கிலோமீட்டர் சும்மாவே ஓடும்.

பம்ப்ரூம்
அது லேசான சரிவுக்கு சரி, ஒத்துக்கறேன். ஏற்காடு இறக்கத்துல வளைவுக்கு வளைவு பிரேக் மிதிச்சுத்தானே ஆகணும், நீங்க சேர்த்து வெச்ச வேகத்த பூரா டிரம்முல சூடாக்கிட்டு என்னத்த மிச்சம் பண்றீங்க. கீழ வந்து நின்னதும் லைனிங் கருகின வாசனை வந்ததில்லையா உங்களுக்கு?

பிசிக்ஸ் பீரியட்
ரெண்டு பேரும் இறக்கத்துக்கே சண்டை போடறீங்க, டீசல் குடிக்கறது ஏத்தத்துல. சேலம் 280 மீட்டர் உயரம்னா ஏற்காடு 1500 கிட்ட, ஆக 1200 மீட்டர் தூக்கணும். லோடோட ரெண்டரை டன் வண்டிய அவ்ளோ தூக்க 29 மெகா ஜூல் சொச்சம். ஒரு லிட்டர் டீசல்ல 36 இருக்கு, பழைய இன்ஜின் அதுல மூணுல ஒரு பங்கு வேலையா குடுத்தாலே பெரிசு. ஆக வெறும் உயரத்துக்கே ரெண்டரை லிட்டர் போயிடும், ஹப் போட்டாலும் தங்கத்துல செஞ்சு போட்டாலும் இதுல ஒரு மில்லி குறையாது. எடைய இறக்கினா குறையும், 100 கிலோவுக்கு ஒரு ஏத்தத்துக்கு 100 மில்லி கிட்ட. பின்னாடி இரும்பு கேரியர், பழைய ஜாக்கி, சங்கிலி, யாரும் தொடாத சிமெண்ட் மூட்டைன்னு எதாவது கெடக்கா பாருங்க சார்.

அப்புறம் அந்த 10 வந்தப்ப இதே டயர்தானா?

காப்பித்தோட்டம்
சிமெண்ட் மூட்டைய எங்க தோட்டத்துக்கு வந்து பாத்தீங்களா சார் 😀 ஒன்னு கல்லாவே ஆயிடுச்சு.

டயர் போன வருஷம் மாத்தினேன், 215/75 ஆர் 15 இருந்துச்சு, கல்லுப்பாதைக்கு உசரமா இருக்கட்டும்னு 235/75 போட்டுட்டேன். காத்து கொஞ்சம் கம்மியாத்தான் வெச்சிருப்பேன், தோட்டத்துக்குள்ள தூக்கி தூக்கி போடுதுன்னு.

பிசிக்ஸ் பீரியட்
அதான! முன்ன டயர் குறுக்களவு 703 மில்லிமீட்டர் சொச்சம், இப்ப 733 சொச்சம். சக்கரம் ஒரு சுத்துக்கு 4 சதவீதம் கூட ஓடுது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டினா நீங்க 104 ஓடியிருப்பீங்க. உங்க 8 நிஜத்துல 8.3. மீதி டயர் எடையும் காத்தும். தோட்டத்துக்குள்ள காத்த இறக்கிக்கங்க, ரோட்டுக்கு வரும்போது ஏத்திக்கங்க, ஒரு சின்ன கம்ப்ரசர் சீட்டுக்கு அடியில கெடந்தா போதும்.

சூரமங்கலம்
டீசல் லைன்ல மேக்னெட் மாட்டுங்க ப்ரோ. நம்ம ஃப்ரெண்டு வண்டிக்கு 3 கிலோமீட்டர் கூடுச்சு.

பம்ப்ரூம்
காந்தத்த ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க தம்பி, பால் கணக்காவது எழுதி வெக்கலாம்.

காப்பித்தோட்டம் சார், ஹப்ப விடுங்க, காசு செலவில்லாத வேலை ஒன்னு சொல்றேன். சேலம் போயிட்டு வந்து நிறுத்தினதும், பிரேக்க ரொம்ப மிதிக்காம மெதுவா வந்து நிறுத்தணும், இறங்கி நாலு சக்கரத்து டிரம், டிஸ்க் பக்கத்துல கைய கொண்டு போங்க, தொட்டுடாதீங்க. நாலுல ஒன்னு மட்டும் கொதிச்சா அங்கதான் இழுக்குது. மறுநாள் காலையில ஜாக்கி போட்டு கையால சுத்தி பாருங்க. அப்புறம் மேல ஏறும்போது கரும்புகை வருதான்னு பாருங்க, வந்தா ஏர் ஃபில்டர், அடுத்து நாசில்.

ஓமலூர் ஜீப்
ஹப் வேஸ்ட்னு சொல்ற ஆளுங்க ஒருத்தராவது போட்டு பாத்திருக்கீங்களா?

பம்ப்ரூம்
வேஸ்ட்னு யார் சொன்னா. நீங்க ஓமலூர், ரோடு நேரா கெடக்கு, நாள் பூரா டாப் கியர்ல ஓட்டறீங்க, உங்களுக்கு கொஞ்சம் தெரியும். அவருக்கு ரெண்டு கிலோமீட்டர்லாம் ஏறவே ஏறாது.

காப்பித்தோட்டம்
ஒரு வாரம் கழிச்சு வரேங்க, மன்னிச்சுக்கங்க, மேல மழை, நெட்டே இல்ல.

பம்ப்ரூம் அண்ணன் சொன்ன மாதிரி பாத்தேன். பின் இடது டிரம் கிட்ட கைய கொண்டு போக முடியல, தண்ணி தெளிச்சா சுர்ருங்குது. நாலு சக்கரத்தையும் தூக்கி வெச்சு பாத்தா மத்த சக்கரம் ஒரு தள்ளுக்கு ரெண்டு சுத்து வருது, இது கால் சுத்துல நிக்குது. ஹேண்ட் பிரேக் கேபிள் உறையோட துரு புடிச்சு திரும்பி வராம இருந்திருக்கு. கேபிள் மாத்தி டிரம்ம கழட்டி சுத்தம் பண்ணியாச்சு, ஆயிரத்தைநூறு கூட ஆகல.

இன்னொன்ன சொல்ல வெக்கமா இருக்கு. லீவர் ஃபோர் வீல் ஹைல கெடந்துச்சு. டிரைவர் தம்பி மழைக்கு தோட்டத்துல போட்டவன் அப்படியே சேலம் வரைக்கும் தார் ரோட்டுல ஓட்டிட்டு இருந்திருக்கான், எத்தன நாளோ. கேட்டா "லீவர் வரவே மாட்டேங்குதுண்ணா, விட்டுட்டேன்"ங்கறான்.

பம்ப்ரூம்
வராது. காஞ்ச ரோட்டுல வளைவு திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், நடுவுல அந்த வித்தியாசத்த சரிக்கட்ட டிஃபரன்ஷியல் இல்லாததால ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கிட்டு நிக்கும். நேரா ரிவர்ஸ்ல பத்தடி எடுக்க சொல்லுங்க, முறுக்கு விட்டதும் லீவர் வெண்ணெய் மாதிரி வரும். முன் டயர் ஓரம் தேஞ்சிருக்கான்னும் பாத்துக்கங்க.

காப்பித்தோட்டம்
தேஞ்சிருக்கு 😔

சிமெண்ட் கல்லும் இறக்கியாச்சு, காத்தும் ரோட்டுக்கு ஏத்திக்கறோம். டேங்க் ஃபுல் பண்ணி ரெண்டு நடை போயிட்டு வந்து மறுபடி ஃபுல் பண்ணேன், டயர் கணக்கையும் சேர்த்து 9.6 வந்துச்சு. ஹப் இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கேன். மழையில சேத்துல மாட்டினா இறங்கி ரெண்டு ஹப்பையும் கையால திருப்பணுமாமே, லீவர் போடவே சோம்பல் படற பையன் அதெல்லாம் செய்வானா.

ஓமலூர் ஜீப்
சரி, மலையில கியர்லயே வரேன், விடுங்க. ஆனா அடிவாரத்துல இருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் நியூட்ரல்தான், அதுல யார் பேச்சையும் கேக்க மாட்டேன்.

பம்ப்ரூம்
அந்த ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர எண்ணிட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.