மாருதியோட ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஜிம்னி 5 டோர், அத மலை, மணல்னு எடுத்துட்டுப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

ஏற்காட்டுக்காரன்:
போன ஐப்பசில நடந்தது, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. மாமாவோட காப்பித் தோட்டம், ராத்திரி பூரா மழை, மண் ரோட்ட தண்ணி குறுக்கால அறுத்து வெச்சிருக்கு. நிறுத்தி ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கற கியர், போட்டுத்தான் ஏறுனேன். பாதில முன் இடது சக்கரமும் பின் வலதும் அந்தரத்துல நின்னு சும்மா சுத்துது, வண்டி நகரல. பயந்து ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டேன். திரும்ப மிதிச்சேன், திரும்ப எடுத்தேன். மூணு தடவ. தோட்டத்து ஜீப் ஓட்டுற பெரியவர் ஜன்னல்கிட்ட வந்து, "இதே வண்டி முன்னாடியும் இங்க வந்திருக்கு தம்பி, கால எடுக்காதீங்க, அப்படியே வெச்சிருங்க"ன்னார். வெச்சேன். ரெண்டு சுத்து, அப்புறம் அடியில கடகடகடன்னு சத்தம், தூக்கின சக்கரத்த மட்டும் பிரேக் பிடிக்குது, மண்ணுல இருக்கறதுக்கு இழுவை போகுது, வண்டி மெல்ல மேல வந்துடுச்சு. அந்த சத்தம் இன்னும் காதுல நிக்குது.

கூர்க்கா பிரியன்:
சும்மா சுத்துற சக்கரத்த பிரேக் பிடிக்கற அந்த பிரேக் எல்எஸ்டிங்கறது சமாளிப்பு நண்பா. என்னோட ஃபோர்ஸ் கூர்க்கால ரெண்டு ஆக்ஸிலுக்கும் டிஃப் லாக் இருக்கு, போட்டா ரெண்டு பக்கச் சக்கரமும் ஒண்ணா சுத்தும். 2.6 லிட்டர் டீசல், இழுவிசை (டார்க்) 320 என்எம், உங்க ஜிம்னிக்கு 134தான். ஆனா உண்மையச் சொல்லணும், கொடைக்கானல் கீழ்மலைல ஏத்தம் முடிஞ்சதும் முன் லாக்க எடுக்க மறந்துட்டேன், அடுத்த வளைவுல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சும் வண்டி நேரா போகுது, பக்கத்துல பள்ளம். எப்படி நிறுத்துனேன்னு இன்னைக்கும் ஞாபகம் இல்ல.

தேரிக்காட்டான்:
என்எம் கணக்கு மட்டும் பாத்தா எப்படிண்ணே, ஜிம்னி சுமார் 1200 கிலோதான், மணல்ல அதான் பெரிய பலம். உடன்குடி பக்கம் சித்தப்பா முந்திரித் தோப்பு, செம்மணல் தேரி, பின் சக்கரம் பாதி முங்கிடுச்சு, டயர் காத்த 16 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு இறக்குனதும் பொசுக்குன்னு வெளிய வந்துட்டு, அவ்வளவுதான் கதை. இப்ப எல்லாருக்கும் ஒண்ணு சொல்லுதேன். சிகரெட் லைட்டர்ல மாட்டுற கம்ப்ரஸர் ஒண்ணு கட்டாயம் வண்டில கிடக்கணும், ஏன்னா காத்து இறக்குன டயரோட தார் ரோட்டுல வேகமா போனா சூடாகி வெடிச்சிரும், வளைவுல ரிம்ம விட்டுக் கழண்டுக்கவும் செய்யும். தனியா போகாதீங்க, ரெண்டு வண்டியா போங்க. கயிறு கட்டி இழுக்கறப்போ டோ பால்ல (டிரெய்லர் மாட்டுற பின்பக்க உருண்டை) மாட்டவே கூடாது, பிச்சிக்கிட்டு வந்தா குண்டு மாதிரி பாயும், வண்டியோட சேஸிஸ் சட்டத்துல இருக்கற கொக்கிலதான் மாட்டணும். கயிறு மேல ஒரு ஈர சாக்கையாவது போடுங்க, ஆளுங்கள கயிறு நீளத்துக்கு மேலயே தள்ளி நிக்கச் சொல்லுங்க. மணல்ல பிரேக்க அழுத்தி நிறுத்தாதீங்க, தானா உருண்டு நிக்க விடுங்க, முடிஞ்சா இறக்கத்துல நிறுத்துங்க.

மூணு கதவு போதும்:
மூணு கதவு ஜிம்னிய 5 டோர்னு நீட்டினதுல வீல்பேஸ் (முன், பின் சக்கரத்துக்கு நடுவுல உள்ள தூரம்) 2250 மி.மீ.ல இருந்து 2590 ஆயிடுச்சு, மேட்டு உச்சில வண்டியோட வயிறு தட்டுது. நானே கேட்டேன், டங்குன்னு. ஜப்பான்காரங்க 2025 ஜனவரி கடைசில, குர்கான்ல மாருதி செய்ற இதே 5 டோர் வண்டிய நாலே நாள்ல 50,000 புக் பண்ணாங்க, அவங்களுக்குப் பின் சீட் வேணும், எனக்கு வேண்டாம்.

ஏற்காட்டுக்காரன்:
எனக்கு ரெண்டு பசங்க, பின் சீட் இல்லாம முடியாதுங்க. போன ஞாயித்துக்கிழம அதே பள்ளத்துக்குத் திரும்பப் போனேன், கால எடுக்கல, ஒரே தடவைல ஏறிடுச்சு. பெரியவர் அன்னைக்கு வரல, அவர் முன்னாடி ஒரு தடவ ஏத்திக் காட்டணும்.