பியர் கம்பனிப் பங்கு ஒன்றை மதிப்பிட உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே, கணக்கியல் தெரிந்த யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கோ. பெல்ஜியத்தில் இருக்கும் அண்ணா தன் சேமிப்பில் பெரும்பகுதியை ஏபி இன்பெவ் பங்கில் போட யோசிக்கிறார், யாழ்ப்பாணத்தில் கணக்கு வேலை பார்க்கிறவள் என்று என்னிடம்தான் கேட்கிறார்.

2016 ஒக்டோபரில் 10,000 கோடி டொலருக்கு மேல் கொடுத்து எஸ்ஏபிமில்லர் என்ற இன்னொரு பெரிய பியர் கம்பனியை வாங்கிய கம்பனி இது. அதற்காக எடுத்த கடன் கழுத்தை நெரிக்க, 2018இல் பங்கிலாபத்தைப் பாதியாக வெட்டியது, பிறகு அவுஸ்திரேலிய வியாபாரத்தையே ஜப்பானின் அசாகி கம்பனிக்கு விற்றது. கடன் இறங்கியது உண்மை. ஆனால் ஐந்தொகையை (சொத்து, கடன் கணக்கு) பார்த்தால் நன்மதிப்பு, அதாவது மற்றக் கம்பனிகளை வாங்கும்போது அவற்றின் நிகரச் சொத்துப் பெறுமதிக்கு மேலாகக் கொடுத்த தொகை, மட்டுமே 10,000 கோடி டொலரைத் தாண்டி நிற்கிறது, அதைக் கழித்தால் பங்குதாரர் உரிமை என்று ஒன்றும் மிஞ்சாது. நாளைக்கு அந்த நன்மதிப்பில் ஒரு பகுதியைப் பெறுமதி இல்லை என்று பதிவழித்தால் அந்த வருட இலாபம் அடிபடும், காசு வெளியே போகாது, அதனால் விலை உழைப்பு விகிதத்தை (பங்கு விலை ஒரு பங்கின் இலாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை) மட்டும் நம்ப எனக்கு மனமில்லை.

மூலதனச் செலவு போக மிஞ்சும் காசை வைத்துக் கணக்குப் போடுவதா, இல்லை கடனையும் சேர்த்த மொத்தப் பெறுமதியை ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க் போன்ற மற்றப் பியர் கம்பனிகளோடு ஒப்பிடுவதா? வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய உழைப்பைப் போல எத்தனை மடங்கு கடன் வரை பரவாயில்லை என்பீர்கள்? அண்ணா இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருக்கும் காசு இது, அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கோ.