கலங்கரை விளக்கத்தில் இருப்பவர் காவலரா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக, தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் இருக்கும் அகுலாஸ் முனைக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு படப்பாடம் தயாரித்து வருகிறேன். கோபுரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல வீடுகள் இருக்கின்றன. லைட்ஹவுஸ் கீப்பர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகள் அவை. அவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று சென்ற வாரம் இங்கே கேட்டேன். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் அண்ணன் "காவலர் குடியிருப்பு" என்று எழுதினார். படத்தின் அடியில் அப்படியே எழுதி வைத்தேன். சென்னையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பார்த்துவிட்டு, "கடற்கரை ஓரத்தில் எதற்குப் போலீஸ் குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அந்தத் தொடருக்கு அது ஒன்றுதானே பொருள்!

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடியிருப்பு இருக்கட்டும், முதலில் காவலர் என்பதே எனக்கு ஒட்டவில்லை. கீப்பர் என்ற சொல்லைப் பார்த்து மொழிபெயர்த்தால் காவலர் வரும். அவர் செய்த வேலையைப் பார்த்தால் வராது. அவர் திருடனுக்காகவா விழித்திருந்தார்? மாலையில் படி ஏறி விளக்கை ஏற்றினார். திரியைக் கத்தரித்தார். லென்ஸைச் சுழற்றும் கடிகாரப் பொறியின் எடைக்கல்லைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி சுற்றி மேலே ஏற்றினார். விடிந்ததும் புகை படிந்த கண்ணாடியையும் பித்தளையையும் துடைத்தார். நாளேட்டில் காற்றையும் மேகத்தையும் குறித்தார். கோயிலில் திருவிளக்கு பார்ப்பவரின் வேலைக்கு இது நெருக்கம். காவல் நிலையத்துக்கு வெகு தூரம்.

கோயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. அகுலாஸ் விளக்கு 1849இல் எரியத் தொடங்கியபோது அதற்கு எரிபொருள் ஆட்டு வால் கொழுப்பு. கேப் பகுதியின் ஆடுகளுக்கு வால் முழுவதும் கொழுப்புத்தான். நம் சோழர் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு, "சாவா மூவாப் பேராடு" என்று மன்றாடிகள் எனப்பட்ட இடையர்களிடம் விட்டு, நாளுக்கு உழக்கு நெய் அளக்கச் சொல்வார்கள். அங்கே ஆடு சாகாமல் விளக்கு எரிந்தது. இங்கே ஆட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கலங்கரை விளக்கம் என்ற பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கூப்பிடும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படையில் ஏணி சாத்திய மாடம் இருக்கிறது, இரவில் ஏற்றிய தீ இருக்கிறது, கப்பலை அழைக்கும் துறை இருக்கிறது. ஏணியில் ஏறியவனுக்குத்தான் பெயர் இல்லை. அதனால் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று துணிகிறேன்: விளக்காளர். அவர் வீடு விளக்காளர் மனை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

*

தங்கச்சிக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. மாமியார் சொன்னது சரி. ஆனால் விளக்காளர் என்றால் பிள்ளைகள் பாடத்தை விளக்கிச் சொல்பவர் என்றுதான் நினைப்பார்கள். விளக்குக் காப்பாளர் என்றால் என்ன குறை? விடுதிக் காப்பாளர், விக்கெட் காப்பாளர் எல்லாம் பழகிவிட்டார்களே.

மனை வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் மனை என்றால் விற்பனைக்கு இருக்கும் காலி நிலம். போலீஸிடமிருந்து தப்பி வீட்டுத் தரகரிடம் மாட்டிக்கொள்வோம்.

பீனிக்ஸிலிருந்து

*

அண்ணனுக்கு,

மனையை விட்டுவிட்டேன். இல்லம் என்று மாற்றிப் பார்த்தேன், முதியோர் இல்லம் போல இருக்கிறது. வீடு என்றே இருக்கட்டும். இலங்கைத் தமிழர்கள் கலங்கரை விளக்கத்தை வெளிச்சவீடு என்பார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டடம் வெளிச்சவீட்டு வீடு ஆகிவிடும், பாவம்.

அகுலாஸில் அந்தச் சிக்கல்கூடப் பொருத்தம்தான். அங்கே கோபுரம் வேறு, வீடு வேறு அல்ல. கேப் காலனியின் தலைமை நில அளவையர் சார்லஸ் மிச்செல், அலெக்சாந்திரியாவின் பழைய பாரோஸ் கலங்கரை விளக்கத்தை மனத்தில் வைத்து அதை வரைந்தார். நடுவில் கோபுரம், இரு புறமும் அதை ஒட்டிய வீடுகள். கல்தான் மோசம். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டே வந்ததால் 1968இல் விளக்கைப் பக்கத்தில் ஓர் உலோகக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். பழுது பார்த்து 1988இல்தான் மறுபடியும் பழைய கோபுரத்தில் ஏற்றினார்கள். அந்த இருபது ஆண்டும் அது வெறும் வீடு.

காப்பாளர் பற்றி: தொலையாமல், கெடாமல் பார்த்துக்கொள்பவர் காப்பாளர். இவர் ஏற்றுகிறவர். விளக்குதல் குழப்பத்தைத்தான் நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். பாத்திரம் விளக்குவது என்று நம் வீட்டில் சொல்வதில்லையா? பித்தளையைப் பளபளவென்று விளக்குவதிலேயே அவர் பகல் கழிந்தது. விளக்கையே விளக்கியவர். பாடம் விளக்குபவருக்கு ஆசிரியர் என்ற பெயர் இருக்கிறது, அவர் இதைக் கேட்டு வரமாட்டார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

*

தங்கச்சிக்கு,

பாத்திரம் விளக்குவதைச் சொன்னதும் வாயடைத்துவிட்டேன். விளக்காளர் வீடு என்றே எழுதுங்கள்.

பாடத்தில் நம் ஊர் டர்பனையும் சேருங்கள். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்தபோது துறைமுக வாயிலின் பிளஃப் குன்றில் விளக்கே கிடையாது. அங்கே கலங்கரை விளக்கம் எரிந்தது 1867இல்தான். முதல் கூட்டத்தை எந்த விளக்கும் கரைந்து அழைக்கவில்லை. பிளஃப் கோபுரமும் இப்போது இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட உம்ஷ்லாங்காதான் இருக்கிறது, 1954இல் கட்டிய 21 மீட்டர் கான்கிரீட் கோபுரம். அங்கே விளக்காளர் வீட்டைத் தேடாதீர்கள். தொடக்கத்திலிருந்தே விளக்காளர் கிடையாது, பக்கத்து ஓட்டலில் இருப்பவர்கள்தான் விளக்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் அடுத்த மடலில் சண்டை போடுவோம்.

பீனிக்ஸிலிருந்து