பிடி, விடு, வெறும்பிடி: காற்றில் இயங்கும் சக்குக்குக் கலைச்சொற்கள்

பொருள்: கலைச்சொல் தேவை – லேத், காற்றுத் துணைக்கருவிகள்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் கொண்டு சிஎன்சியாக, அதாவது கணினி இயக்கும் இயந்திரமாக, மாற்றுகிறவர்களுக்காகத் திரை எழுத்து, பட்டன் பெயர், எச்சரிக்கைச் செய்தி ஆகியவற்றைத் தமிழில் தொகுத்து வருகிறோம். அச்சு, ஊட்டு வேகம், சுழல்தண்டு வரை தடையில்லை. காற்றில் இயங்கும் சக் (வேலைத்துண்டைத் தாடைகளால் பிடித்துச் சுழலும் பிடிப்பான்), காலட் (துண்டைச் சுற்றி இறுகும் பிளவுபட்ட குழல்), டெயில்ஸ்டாக் குவில் (துண்டின் மறுமுனையைத் தாங்க நீளும் தண்டு), வெட்டிய துண்டை ஏந்தும் தட்டு, சீவலை ஊதித்தள்ளும் குழல் என்று வரும்போதுதான் சிக்குகிறது. முதல் முன்மொழிவு இது:

நியூமேட்டிக் – காற்றழுத்த
ஒர்க்ஹோல்டிங் – பணிப்பொருள் பற்றுகை
கிளாம்ப், அன்கிளாம்ப் – மூடு, திற
சாலினாய்டு வால்வு – வரிச்சுருள் ஓரதர்
இன்டர்லாக் – உட்பூட்டு

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

———

மறு: கலைச்சொல் தேவை

> கிளாம்ப், அன்கிளாம்ப் – மூடு, திற

ஐயா, இதை மட்டும் ஏற்கவே முடியாது. குழாயை உள்விட்டத்தில் பிடிக்கும்போது தாடைகள் வெளிப்பக்கமாக விரிந்தால்தான் துண்டு நிற்கும். ஒடுங்கினால் கழன்று விழும். ‘மூடு’ என்று எழுதிய பட்டனை அழுத்தியவர் துண்டைக் காலில் வாங்கிக்கொள்வார். பல லேத்துகளில் எம்10, எம்11 என்றும் வேறு பலவற்றில் எம்68, எம்69 என்றும் இருக்கும் நிரல் கட்டளைகள் தாடை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்வதில்லை. துண்டு பிடிபட வேண்டுமா விடுபட வேண்டுமா என்பதைத்தான் சொல்கின்றன. காற்றைத் திருப்பிவிடும் வால்வில் எந்தக் காயிலுக்கு (மின்சுருளுக்கு) மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தனியாக ஒரு தேர்வுச் சாவி முடிவு செய்யும். ஆகவே பட்டனில் ‘பிடி’, ‘விடு’. சாவியில் ‘வெளிப்பிடி’, ‘உட்பிடி’.

அந்தச் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. துண்டு பிடிபட்டிருக்கும்போது யாராவது அதைத் திருப்பினால் எதுவும் மாறக் கூடாது. சுழல்தண்டு நின்று, சக் விட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் புதிய நிலையை ஏற்கும்படி ஹாலில் (லினக்ஸ்சிஎன்சியில் உள்ளீடு, வெளியீடுகளை இணைக்கும் பகுதியில்) தாழிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டியலில் கட்டளைக்கும் நிலைக்கும் ஒரே சொல். வால்வுக் காயிலுக்கு 24 வோல்ட் போனது என்பது வேறு, துண்டு இறுகியது என்பது வேறு. குழாய் கழன்றிருக்கலாம், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இறங்கியிருக்கலாம், வால்வின் உள்ளே நகரும் ஸ்பூல் எண்ணெய்ப் பிசினில் ஒட்டியிருக்கலாம். காயில் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். திரையில் இரண்டுக்கும் ‘கிளாம்ப்’ என்று ஒரே பெயர் இருந்தால், விளக்கைப் பார்த்துச் சுழல்தண்டை ஓட்டிவிடுவார்கள்.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

பிடி, விடு இரண்டையும் வழிமொழிகிறேன். ‘கவ்வு’ என்ற சொல்லையும் நினைத்துப் பார்த்தேன். அது வெளியிலிருந்து இருபுறமும் அழுத்துவது. உட்பிடிக்கு ஒட்டாது.

நிலைக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், ‘பிடிமானம்’ கையிலேயே இருக்கிறது. ஏணிக்குப் பிடிமானம் இல்லை, டயருக்குப் பிடிமானம் போய்விட்டது என்கிறோம். யாரும் யாருக்கும் ‘பிடிமானம்’ என்று கட்டளை இடுவதில்லை, அது எப்போதும் நிலையின் பெயர். கட்டளை ‘பிடி’, அது நிறைவேறியதைச் சென்சார் சொன்னால் ‘பிடிமானம்’. ஒர்க்ஹோல்டிங் என்ற துறைக்கு ‘துண்டுப் பிடிப்பு’ போதும்; ‘பற்றுகை’ மேடைத் தமிழாக இருக்கிறது.

‘காற்றழுத்த’ என்பதை நியூமேட்டிக்குக்குக் கொடுத்துவிட்டால், அழுத்தம் குறைந்ததைச் சொல்ல என்ன செய்வது? ‘காற்றழுத்தம் குறைவு’ என்பது திரையில் தினமும் வரக்கூடிய எச்சரிக்கை. அதை அதற்கே விட்டுவிட்டு, நியூமேட்டிக்குக்குக் ‘காற்றியக்க’ என்று வைப்போம். காற்றியக்கச் சக், காற்றியக்கக் குவில். ‘ஓரதர்’ வேண்டாம், வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

———

மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை

> அது நிறைவேறியதைச் சென்சார் சொன்னால் ‘பிடிமானம்’

எந்தச் சென்சார் என்பதைத் தீர்க்காமல் இந்தச் சொல்லை அச்சிடக் கூடாது. பெரும்பாலான மாற்றங்களில் ஒரே ஒரு பிரஷர் சுவிட்ச்தான் இருக்கிறது, அதுவும் வால்வுக்கு முன்னால், ரெகுலேட்டரை ஒட்டி. அது கம்ப்ரசர் ஓடுகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. சுவிட்ச் வால்வுக்குப் பின்னால், தாடைகளை நகர்த்தும் சிலிண்டரின் பிடிக்கும் பக்கக் குழாயில் இருக்க வேண்டும். உட்பிடியும் உண்டென்றால் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று.

அளவு எப்படி வைப்பது? 125 மிமீ சிலிண்டர், 6 பார் என்றால் தள்ளுவிசை சுமார் 7,360 நியூட்டன், 4.5 பாரில் 5,520. இழுக்கும் பக்கத்தில் தண்டின் பரப்பைக் கழிக்க வேண்டும்: 25 மிமீ தண்டுக்கு 6 பாரில் ஏறத்தாழ 7,070. வெளிப்பிடியில் வேகம் கூடக்கூடத் தாடைகளின் மையவிலக்கு விசை பிடிப்பைத் தின்றுவிடும், உட்பிடியில் கூட்டும். அதனால் சுவிட்சின் எல்லையை ‘ஏதோ காற்று இருக்கிறது’ என்ற அளவில் வைக்காமல், அந்த வேலையின் வேகத்துக்கும் வெட்டுக்கும் தேவையான விசைக்கு மேலே வைக்க வேண்டும். மெல்லிய சுவர்த் துண்டு வந்தால் ரெகுலேட்டரை 2.5 பாருக்கு இறக்குவார்கள். 4.5 பாரில் நிலையாக வைத்த சுவிட்ச் அப்போது ‘ஆம்’ என்றே சொல்லாது, யாராவது அதை வயர் போட்டு இணைத்து எப்போதும் ‘ஆம்’ சொல்லும்படி ஆக்கிவிடுவார்கள், பிறகு அந்த வயர் எடுக்கப்படவே மாட்டாது. இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்ளும் எண்காட்டிச் சுவிட்ச் போடுவது அந்த வயரைத் தடுப்பதற்காகத்தான்.

அழுத்தம் சரியாக இருந்தும் பிடிமானம் இல்லாத நிலை ஒன்று உண்டு. துண்டே இல்லாமல் பிடித்தால் தாடைகள் வீச்சின் கடைசி வரை போய் முட்டி நிற்கும். சிலிண்டரில் 6 பார் ஏறும். சுவிட்ச் ‘ஆம்’ என்னும். விட்டம் குறைந்த துண்டை மாற்றி வைத்தாலும் இதே கதை. பிஸ்டன் தன் மூடியில் முட்டி நிற்கிறது, விசை முழுவதும் அங்கேயே போகிறது, துண்டுக்கு எதுவும் வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்கச் சுழல் சிலிண்டரின் பின்னால், தாடைகளை இழுக்கும் இழுகுழாயோடு நகரும் வளையத்துக்கு எதிரே இரண்டு பிராக்சிமிட்டி சென்சார் (வளையம் அருகில் வந்தால் எரிபவை) வேண்டும்: ஒன்று முழுவதும் விட்ட முனையில், மற்றது முழுவதும் பிடித்த முனையில். பிடித்த முனைச் சென்சார் எரிந்தால் அது நல்ல செய்தி இல்லை. நல்ல பிடிமானத்தில் இரண்டு சென்சாரும் அணைந்திருக்க வேண்டும், அழுத்தமும் இருக்க வேண்டும். உட்பிடியில் முனைகள் இடம் மாறும்.

துண்டில் பிடிக்காமல் முட்டி நிற்கும் அந்த நிலைக்கு ஒரு பெயர் தேவை. ‘வெறும்பிடி’ என்று முன்மொழிகிறேன்.

———

மறு: வெறும்பிடி

வெறும்பிடி அருமை. ‘பிடிமானம்’ என்பதற்கு இனி வரையறையும் கிடைத்துவிட்டது: அழுத்தம் உண்டு, வெறும்பிடி இல்லை, விட்ட முனையும் இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் திரையில் வரலாம்.

நிரலில் இது எங்கே தவறுகிறது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் வெளியீட்டை இயக்கவும் அணைக்கவும் உள்ள எம்62, எம்63 இரண்டும் அடுத்து வரும் நகர்வோடு சேர்ந்துதான் வேலை செய்யும். பின்னால் நகர்வே இல்லையென்றால் வெளியீடு மாறாது. சக்குக்கு இவற்றைப் போட்டுவிட்டு வால்வு கெட்டது என்று கழற்றுவார்கள். சக்குக்கு உடனடி வகையான எம்64, எம்65 வேண்டும். பிடிமானத்துக்காகக் காத்திருக்க:

எம்64 பி0
எம்66 பி0 எல்3 க்யூ2

இதில் பி0 என்பது வெளியீடு அல்லது உள்ளீட்டின் எண், எல்3 என்பது உள்ளீடு உயர் நிலைக்கு வரும்வரை காத்திருப்பது, க்யூ2 என்பது அதிகபட்சம் 2 விநாடி. நேரம் கடந்தால் எம்66 பிழை எதையும் காட்டாது! #5399 என்ற மாறியில் -1 எழுதிவிட்டு அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி சுழல்தண்டை ஓட்டும் எம்3 என்றால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. #5399-ஐப் பார்த்து நிறுத்தும் வரி இல்லாத துணைநிரல் பாதி வேலைதான்.

அந்த வரியையும் நம்பியிருக்கக் கூடாது. ஹாலில் பிடிமானத்தைத் தலைகீழாக்கி சுழல்தண்டின் இன்ஹிபிட் (தடுப்பு) பின்னிலும், ஊட்டத்தின் ஃபீட்-இன்ஹிபிட் பின்னிலும் கொடுங்கள். முதலாவது வேகத்தைச் சுழியாக்கும், இரண்டாவது அச்சை நிறுத்தும். மரை வெட்டும்போது மட்டும், சுழல்தண்டோடு இணைந்த நகர்வு முடியும்வரை ஊட்டத் தடை தள்ளிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். இவற்றோடு பிரஷர் சுவிட்சின் தொடுமுனையைச் சுழல்தண்டு டிரைவின் ‘ஓடு’ உள்ளீட்டிலும் தொடராக இணைக்க வேண்டும். கணினி உறைந்து நின்றாலும் அது வேலை செய்யும்.

‘விடு’ கட்டளைக்குத் தடை எதிர்ப்பக்கம். சுழல்தண்டை நிறுத்தும் எம்5 கொடுத்தாயிற்று என்பதை வைத்து விடக் கூடாது. கனமான சக் உடனே நிற்காது. சுழற்சியை அளக்கும் என்கோடரிலிருந்து வரும் உண்மையான வேகம் சுழியாக, அரை விநாடியாவது அப்படியே இருந்தால்தான் விடலாம். கால்மிதியும் இந்தத் தடைக்கு உள்ளேதான் வர வேண்டும். பழைய லேத்தில் மிதி நேராகக் காயிலுக்குப் போயிருக்கும், முதல் வேலையாக அதை வெட்டி உள்ளீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ‘உட்பூட்டு’ என்றால் உள்ளே பூட்டுவது என்று தோன்றுகிறது. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதால் ‘இடைப்பூட்டு’ என்று எழுதுவோம்.

———

மறு: மறு: வெறும்பிடி

இடைப்பூட்டுக்குச் சரி. வால்வு வகைக்கும் சொல் வேண்டும், ஏனென்றால் தப்பான வகையை வாங்கிவிட்டால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. 5/2 (ஐந்து துளை, இரண்டு நிலை) ஒற்றைக் காயில் வால்வில் மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஸ்பூலைத் திருப்பிவிடும். இரட்டைக் காயில் வால்வு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். முன்னதைத் ‘திரும்பு வால்வு’, பின்னதை ‘நிலைநில் வால்வு’ எனலாம்.

சக்குக்கு நிலைநில் வால்வு மட்டுமே. அவசர நிறுத்தம் அழுத்தினாலும், கரன்ட் போனாலும், சுழல்தண்டு ஓய்ந்து நிற்கும்வரை துண்டு பிடிபட்டே இருக்க வேண்டும். இதே காரணத்தால், அவசர நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றும் வால்வுக்கு முன்னாலேயே சக்குக்கான குழாயைப் பிரித்து எடுங்கள், அதில் காற்று பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு ஒன்றும் இருக்கட்டும். ஏந்து தட்டுக்கும் ஊதுகுழலுக்கும் திரும்பு வால்வு போதும்.

நிலைநில் வால்வுக்குத் துடிப்பு போதும், தொடர் மின்சாரம் தேவையில்லை. ஹாலில் ஒன்ஷாட் (ஒற்றைத் துடிப்பு தரும் கூறு) போட்டு 0.5 விநாடி கொடுக்கலாம். இரண்டு காயிலுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகாமல் தடுக்க வேண்டும், போனால் முதலில் வந்ததுதான் நிற்கும். முதல் முறை இயந்திரத்தை இயக்கும்போது ஸ்பூல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது, காற்றைத் திறப்பதற்கு முன் கையை எடுத்துவிடுங்கள். 24 வோல்ட் காயில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லையென்றால் ரிலே முனைகள் கருகும், வால்வு விடும் நேரம் பார்த்து என்கோடர் எண் தாவும்.

எச்சரிக்கைச் செய்திகளை இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். ‘காற்றழுத்தம் குறைவு’ வந்தால் ஆள் ரெகுலேட்டரைப் பார்ப்பார். ‘வெறும்பிடி’ வந்தால் துண்டையும் தாடையையும் பார்ப்பார். ‘பிடி சொல்லியும் அசைவில்லை’ வந்தால் வால்வையும் வயரையும் பார்ப்பார்.

குவிலுக்கு என்ன வைப்பது என்பது பாக்கி. அங்கேயும் குவில் நுனியில் உள்ள சென்டர் துண்டில் முட்டாமல் வீச்சின் கடைசிக்குப் போய்விடும் நிலை உண்டு. ‘வெறும்பிடி’ அதற்குப் பொருந்தாது, குவில் எதையும் பிடிப்பதில்லை, தாங்குகிறது. ‘வெறுந்தாங்கல்’ சரியா?