ஜீப்பில் எந்த வேரியன்ட் எடுப்பது? மண் பாதையில் ஓட்டியவர்களின் அனுபவங்கள்

தாண்டிக்குடி, காப்பித் தோட்டம்:

புது ஜீப் எடுக்கப்போகிறவர்கள் வேரியன்டில் (ஒரே வண்டியின் வசதிக்கும் விலைக்கும் ஏற்ற வகைகளில்) கீழே உள்ள பேஸ் மாடலா, மேலே உள்ள டாப் எண்டா என்று என்னிடம் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். உங்கள் பாதை வேறு மாதிரி இருக்கும், அதையும் கீழே சேருங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வர நல்ல சாலை இருக்கிறது. எந்தக் காரும் வரும். கடைசி 600 மீட்டர்தான் மண் பாதை: செங்குத்துச் சரிவு, இரண்டு திருப்பம், நடுவில் மழைநீர் அரித்த ஒரு பள்ளம். கீழ்ப்பழனி மலையில் வடகிழக்குப் பருவமழையும் காப்பிப் பழம் பறிப்பும் ஒரே சமயத்தில் வரும். கார்த்திகையில் அந்தச் செம்மண் குழைந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். பாதை காயட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. பறித்த பழத்தை அன்றே தோல் நீக்காவிட்டால் புளித்துவிடும்.

2022 நவம்பரில் ஒரு சாயங்காலம், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பழைய வண்டியில் ஆறு மூட்டைப் பழத்தோடு ஏறிக்கொண்டிருந்தேன். இடது பின்சக்கரம் அந்தப் பள்ளத்தின் மேல் தொங்கியதும் வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தொங்கும் சக்கரம் மட்டும் சர்ரென்று சுற்றுகிறது. கெட்டியான தரையில் நிற்கும் வலது சக்கரம் அசையவே இல்லை. கல் வைத்தோம், சாக்கு போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஜீப் வந்து இழுத்துவிட்டபோது இரவு மணி எட்டு. பழத்தில் பாதி வீணானது.

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காக வைத்த அமைப்பு அது. தார்ச்சாலையில் அது நல்லதுதான். ஆனால் ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால், அந்தச் சக்கரம் தாங்குகிற அளவு இழுவைதான் மறுசக்கரத்துக்கும் போகும். அந்தரத்தில் தொங்கும் சக்கரம் எதையும் தாங்காது, அதனால் தரையில் இருப்பதும் சும்மா நிற்கும்.

அடுத்த மாதங்களில் புது வண்டி தேடினேன். 2023 ஜனவரியில்தான் மகிந்திரா, தார் ஜீப்பில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வகையை 9.99 லட்சம் ஆரம்ப விலையில் கொண்டுவந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோருக்கும் அதற்கும் மூன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். நான் போன ஷோரூமில் விற்பனையாளர் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். "பார்க்க ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். திரை எத்தனை அங்குலம், சீட் துணி என்ன, அலாய் சக்கரம் எப்படி என்று எல்லாம் சொன்னார். என் பாதை எப்படி என்று மட்டும் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது பைபாஸ் சாலையில் ஐந்து கிலோமீட்டர். தோட்டம் வரை கொண்டுவாருங்கள், டீசல் நான் போடுகிறேன் என்று கேட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

பண்ணைக்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் தன் சொந்த தாரைக் கொண்டுவந்தார். டீசல், ஃபோர் பை ஃபோர். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நாலு சக்கர இழுவையின் சாதாரண நிலையான ஃபோர் ஹையில் ஏறியது. அதில் நான் பெரிதாக வியக்கவில்லை. இறங்கும்போதுதான் என் மனம் மாறியது. நாலு சக்கரத்தையும் மெதுவாக, பலமாக இழுக்க வைக்கும் லோ கியரில், அதாவது ஃபோர் லோவில், முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடச் சொன்னார். எனக்குப் பயம். ஆனால் வண்டி நடந்து போகிற வேகத்தில், வழுக்காமல், எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கியது. அந்த லோ கியரின் விகிதம் 2.48. அதாவது அதே எஞ்சின் சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும், இழுவை அதே மடங்கு கூடும். சேற்றில் பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். எஞ்சின் பிடித்து இறக்கும்போது அந்தப் பயம் குறைவு. மூட்டையும் ஆட்களும் ஏற்றி இறங்குகிறவனுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து.

கடைசியில் நான் எடுத்தது தாரில் எல்எக்ஸ் வேரியன்ட், டீசல், கடினக் கூரை, மேனுவல் கியர். மேல் வேரியன்ட்தான், ஆனால் திரைக்காக எடுக்கவில்லை. எனக்குக் காட்டிய பட்டியலில் பின் ஆக்சிலுக்கு (இரு பின்சக்கரங்களையும் சுழற்றும் தண்டுக்கு) இயந்திரப் பூட்டு அதில்தான் இருந்தது. ஒரு பின்சக்கரம் மறுசக்கரத்தைவிட ரொம்ப வேகமாகச் சுற்றினால் அது தானாகவே இரண்டையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கும். மற்ற வேரியன்டில் இருந்தது பிரேக் வழியாகச் செய்யும் பூட்டு. வெறுமனே சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கி, மற்றதற்கு இழுவையை அனுப்பும். அதுவும் வேலை செய்யும். எப்போதாவது மாட்டிக்கொள்பவருக்கு அது போதும். தினமும் அதே பள்ளத்தைத் தாண்டுகிற எனக்கு இயந்திரப் பூட்டே சரி என்று பட்டது. மூன்று மழைக்காலம் ஓட்டிவிட்டேன், அந்தப் பள்ளத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வெளிக்கடையில் மாட்ட முடிந்தது ஒரு பக்கம்: திரை, ஸ்பீக்கர், சீட் உறை, அலாய், டயர், விளக்கு. பிறகு மாட்டவே முடியாதது, அல்லது மாட்டினால் வாரண்டியும் பாதுகாப்பும் போய்விடக்கூடியது மறுபக்கம்: ஃபோர் பை ஃபோர், லோ கியர், டிஃபரன்ஷியல் பூட்டு, ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் மின்னணு அமைப்பு. ஷோரூமில் இந்த இரண்டாவது பக்கத்துக்குக் காசு கொடுங்கள். வேரியன்ட் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன. பெயரை நம்பாமல், நீங்கள் புக் செய்யும் மாதத்துப் பட்டியலை எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

நாமக்கல், கால்நடை மருந்து விநியோகம்:

அண்ணா, உங்கள் பாதைக்கு நீங்கள் எடுத்தது சரி. என் கதை நேர் எதிர். வாரம் இரண்டு முறை கொல்லிமலை போகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு என்றதும் எல்லோரும் ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்றார்கள். ஆனால் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை முழுக்கத் தார்ச்சாலை. எனக்குத் தேவை இரண்டாவது கியரில் திணறாமல் இழுக்கும் எஞ்சினும், வளைவில் வெளியே பார்க்க உயரமான சீட்டும்தான். தாரில் பின்சக்கர இழுவை, 1.5 லிட்டர் டீசல் எடுத்தேன். அதன் எஞ்சின் 117 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவிசை 2.2 டீசலைப் போலவே 300 நியூட்டன் மீட்டர். மலையில் சுகமாக ஏறுகிறது. நீளம் 4 மீட்டருக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் என்றால் வரி குறைவு. விலை அவ்வளவு இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வகை ஃபோர் பை ஃபோரை ஈரமில்லாத தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும், உள்ளே பாகங்கள் தேயும். அப்படியென்றால் கொல்லிமலைச் சாலையில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மிச்சமான பணத்தில் மருந்துக்குக் குளிர்பெட்டி வாங்கினேன்.

வால்பாறை, பள்ளி ஆசிரியை:

நான் ஓட்டுவது மாருதியின் ஜிம்னி, சின்ன ஜீப். 2023 இல் வந்தபோது ஜீட்டா, ஆல்ஃபா என்று இரண்டே வேரியன்ட். தாண்டிக்குடி அண்ணன் சொன்ன அதே கணக்கை நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஃபோர் பை ஃபோர், லோ கியர், பிரேக் வழிப் பூட்டு, ஆறு ஏர்பேக், இறக்கத்தில் பிடிக்கும் வசதி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. எஞ்சினும் ஒன்றே. மேலே கூடுதலாகக் கிடைத்தது பெரிய திரை, அலாய், எல்இடி விளக்கு, க்ரூஸ் கண்ட்ரோல் மாதிரியான வசதிகள். கீழ் வேரியன்டே எடுத்தோம்.

எஸ்டேட் பாதைகளில் அதன் பலம் எடை குறைவுதான். 1200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கல் பாவிய குறுகலான பாதையில், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, எதிரே பால் வண்டி வந்துவிட்டால் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். சின்ன வண்டியின் அருமை அப்போது தெரியும். எஞ்சினைக் கொஞ்சம் விரட்டித்தான் ஓட்ட வேண்டும், 134 நியூட்டன் மீட்டர்தான். நால்வர் ஏறி, சாமானும் ஏற்றினால் ஆழியாறிலிருந்து 40 வளைவும் ஏற அது மூச்சு வாங்கும். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் வருத்தப்பட்டேன். அட்டக்கட்டிக்கு மேலே ஜூலையில் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் பத்தடிக்கு முன்னால் தெரியாது. எங்கள் வண்டியின் ஹாலஜன் வெளிச்சம் போதவில்லை. ஒருமுறை சாலையோரம் நின்ற காட்டெருமையை மிக அருகில் போன பிறகுதான் பார்த்தேன், கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. மறுவாரமே பொள்ளாச்சியில் மஞ்சள் பனி விளக்கு மாட்டினோம். அதுவும் மாட்ட முடிந்த பக்கத்துச் சாமான்தான், ஆனால் வாங்கிய அன்றே மாட்டியிருக்க வேண்டும்.

சாத்தான்குளம், முருங்கை விவசாயி:

அண்ணே, எங்கள் ஊரில் மழையும் இல்லை, மலையும் இல்லை. தேரி மணல்தான். செக்கச்செவேலென்று, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். முருங்கைத் தோட்டத்துக்குள் வண்டி போக வேண்டும். வேரியன்ட் பார்க்கும்போது யாரும் டயரைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் தாரில் டாப் எண்ட் எடுத்துவிட்டேன். அதில் 255/65 ஆர்18 டயர், அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், ரப்பரின் உயரம் அதில் 65 சதவீதம், சக்கரம் 18 அங்குலம். கீழ் வேரியன்டில் 245/75 ஆர்16, இரும்புச் சக்கரம். கணக்குப் போட்டால் 18 அங்குல டயரில் ரப்பரின் உயரம் 166 மில்லிமீட்டர், 16 அங்குலத்தில் 184. மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் டயர் பரந்து மிதக்கும். ரப்பர் உயரமாக இருந்தால் காற்றைக் குறைக்க இடம் அதிகம், பனை வேரில் மோதினாலும் சக்கர விளிம்பு அடிபடாது. அலாயில் எனக்கு ஒன்று விரிசல் விட்டே போனது. இரும்பாக இருந்தால் அடித்து நிமிர்த்தியிருப்பார்கள். இப்போது 16 அங்குல இரும்புச் சக்கரம் தனியாக ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.

தோட்டத்து வாசலில் டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவேன், வெளியே வந்ததும் சின்னக் கம்ப்ரசரில் திரும்ப ஏற்றிவிடுவேன். காற்று குறைந்த டயரில் தார்ச்சாலையில் வேகம் போகவே கூடாது, சூடேறி வெடிக்கும். இதைச் செய்யாமல் ஃபோர் பை ஃபோரை மட்டும் நம்பி இறங்கியவர்கள் நாலு சக்கரத்தையும் புதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தனுஷ்கோடிக்காக ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்று எங்கள் சித்தப்பா மகன் சொல்லிக்கொண்டிருந்தான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் ஜீப்பும் வேனும் உருண்ட காலம் போய்விட்டது. 2017 இலிருந்து அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது, எந்தக் காரும் போகும்.

சென்னை, வேளச்சேரி:

நான் தாரில் டாப் எண்ட் ஃபோர் பை ஃபோர் எடுத்து நான்கு வருடம். கிழக்குக் கடற்கரைச் சாலை, அலுவலகம், வருடம் ஒருமுறை ஏற்காடு. லோ கியரை ஒருமுறைகூடத் தேவைக்குப் போட்டதில்லை. போடாமலே விட்டதில் ஒருநாள் நெம்புகோல் இறுகி அசையவில்லை. மெக்கானிக் சொன்னபடி இப்போது மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டு நூறு மீட்டர் ஓட்டுகிறேன். வண்டி பிடிக்கும், விற்க மனமில்லை. ஆனால் என்னைப் போல நகரத்தில் ஓட்டுகிறவர்கள் நாமக்கல் நண்பர் எழுதியதை இரண்டு தடவை படியுங்கள். மூன்று கதவு வண்டி என்பதும் முக்கியம். அம்மாவால் பின்சீட்டுக்கு ஏற முடிவதில்லை, முன்சீட்டில்தான் உட்கார்கிறார்.

தாண்டிக்குடி, காப்பித் தோட்டம்:

டீச்சர், மஞ்சு விளக்கு பற்றி எழுதியதற்கு நன்றி, எனக்கும் அது வேண்டும். சாத்தான்குளம் தம்பி சொன்ன 16 அங்குலச் சக்கரத்தையும் விசாரிக்கப் போகிறேன், ஓடைக் கல்லில் என் அலாய் ஒன்று ஏற்கெனவே கீறியிருக்கிறது.

வேளச்சேரி நண்பர் சொன்ன பின்சீட்டுப் பிரச்சினை எங்கள் வீட்டிலும் உண்டு. ஐந்து கதவு தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தபோது போய்ப் பார்த்தேன். அதில் பெட்ரோலுக்கு ஃபோர் பை ஃபோர் தரவில்லை, டீசலிலும் சில வேரியன்டில் மட்டும்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் (வீல்பேஸ்) 2850 மில்லிமீட்டர், என் வண்டியைவிட 400 கூடுதல். என் பாதையின் இரண்டாவது திருப்பத்தில் அது ஒரே மூச்சில் திரும்பாது, மேட்டில் நடு வயிறு தட்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்ல வண்டி, என் தோட்டத்துக்கு இல்லை.

இன்னும் முடிவெடுக்காதவர்கள், ஷோரூம் போகும் முன் உங்கள் பாதையின் மோசமான இடத்தை மழை பெய்த மறுநாள் ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளத்தின் ஆழத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு அடியில் 226 மில்லிமீட்டர் இடைவெளி, ஜிம்னிக்கு 210. குச்சியோடு ஒப்பிட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். கார்த்திகை மாதம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல்நாளே சொல்லிவிட்டு வாருங்கள், என் வண்டியில் அந்த 600 மீட்டரை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.