நிரம்ப நிரம்ப இதயம் பலமாக அடிக்கும் என்றால், ஆயாவுக்கு எதற்கு நீர் மாத்திரை?

புதுவை நர்சிங் முதல் வருஷம்:
பிசியாலஜியில் ஒரே குழப்பம். ஃப்ராங்க்–ஸ்டார்லிங் விதிப்படி, சுருங்குவதற்கு முன்னால் கீழறையில் எவ்வளவு ரத்தம் நிரம்புகிறதோ அவ்வளவுக்கு அடுத்த துடிப்பு பலமாக இருக்கும். சரி. ஆனால் கடலூர் முதுநகரில் என் ஆயாவுக்கு இதயம் பலவீனம், எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு) 30 சதவீதம். நீர் மாத்திரை கொடுத்து, உப்பு, தண்ணீர் இரண்டையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சோர்ந்த பம்புக்கு வரத்தையும் குறைத்தால் இன்னும் மோசமாகாதா? நான் வரைந்த படத்தில் மேலே ஏறுகிற ஒரு கோடுதான் இருக்கிறது. எங்கே தப்பு?

பாகூர்க்காரன்:
உண்டிவில் ரப்பர்தான் தம்பி. அளவாக இழுத்தால் கல் பறக்கும். ரொம்ப இழுத்து இழுத்துத் தொய்ந்துபோனால் காலடியிலேயே விழும்.

ஐ.சி.யு. அக்கா:
உண்டிவில் பாதி வழிதான் வரும். ரப்பர், நாம் இழுத்த விசையைத்தான் திருப்பித் தருகிறது. இதயத்தசை தானே உழைத்துச் சுருங்குகிறது. நீளும்போது அதன் இழைகளுக்குக் கால்சியம் இன்னும் நன்றாக உறைக்கும். அதே கால்சியத்துக்குக் கூடுதல் விசை கிடைக்கும். நரம்பின் தயவு தேவையில்லை, மாற்று இதயம் பொருத்தியவருக்கும் இது நடக்கும். ஓட்டோ ஃப்ராங்க் 1895இல் தவளை இதயத்தில் பார்த்தது, லண்டனில் ஸ்டார்லிங் குழு 1914இல் நாய் இதயத்தில் காட்டியது, எல்லாம் இதுதான்.

தம்பி, உன் தப்பு அந்த ஒற்றைக் கோடு. கிடை அச்சில் நிரப்பு அழுத்தம், நிற்கிற அச்சில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் என்று போடு. நல்ல இதயத்தில் இடது கீழறை நிரம்பி முடிக்கும்போது அழுத்தம் சுமார் 8 மி.மீ. பாதரசம். 120 மி.லி. நிரம்பி 70 மி.லி. வெளியே போகும். கோடு அங்கே இன்னும் ஏறுமுகம்தான். பலவீனமான இதயத்தின் கோடே வேறு. தாழ்வாக ஓடி, சீக்கிரம் படுத்துவிடும். ரத்தம் போதவில்லை என்று உடம்பு உப்பையும் நீரையும் தேக்கி, அழுத்தத்தை 25, 30 என்று ஏற்றிவிடும். படுத்த கோட்டில் அதனால் வெளியேற்றம் கூடாது. அழுத்தம் மட்டும் பின்னால் நுரையீரல் நாளங்களுக்குப் போகும், 25 வாக்கில் நீர் கசியத் தொடங்கும். ஆயா ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?

புதுவை நர்சிங் முதல் வருஷம்:
மூன்று. சில ராத்திரி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அப்போ அழுத்தத்தை 30இலிருந்து 18க்கு இறக்கினால் வெளியேற்றம் பெரிதாகக் குறையாது, மூச்சு மட்டும் லேசாகும், இதுதானே அக்கா? அப்படியானால் தண்ணீரை இன்னும் குறைக்கலாமா?

ஐ.சி.யு. அக்கா:
முதல் பாதி சரி. இரண்டாவதைச் செய்துவிடாதே. இன்னும் இறக்கினால் கோட்டின் சரிவுக்கு வந்துவிடுவார். எழுந்து நின்றாலே அரை லிட்டர் ரத்தம் கால் பக்கம் இறங்கும். தலைசுற்றல், விழுதல், சிறுநீரகத்துக்கும் சிக்கல். மாத்திரை அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். நீ தினமும் காலையில் சிறுநீர் போனபின் எடை பார்த்து எழுது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்.

ரிட்டையர்டு வாத்தியார், திருப்பாதிரிப்புலியூர்:
வைவாவுக்கு ஒன்று. நிரப்பு கூடிப் பலம் கூடினால் அதே கோட்டில் நகர்வது. அட்ரினலினால் கூடினால் கோடே மேலே எழும்புவது. இரண்டையும் குழப்பினால் மார்க் போச்சு. அழுத்தமும் நீட்சியும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். பல வருஷ ரத்த அழுத்தத்தால் விறைத்த கீழறையில் அழுத்தம் 25 இருக்கும், அறை அவ்வளவாக விரிந்திருக்காது. இ.எஃப். நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறவர்கள் பலர் இந்த ரகம்.

பாகூர்க்காரன்:
உண்டிவில்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆயா சாப்பாட்டில் உப்பு எப்படி, தம்பி?

புதுவை நர்சிங் முதல் வருஷம்:
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். குழம்பில் உப்பே இல்லை, எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு சட்டி நிறைய நெத்திலிக் கருவாடு. சட்டி இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது. ஆயா என்னோடு பேசுவதில்லை. படத்தில் இரண்டு கோடு போட்டுவிட்டேன்.